பூச்சி மருந்து கொடுத்தால் வீசிங் நிற்குமா, கூடுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்பவர் ஒரு தாய். ஏழு வயதுப் பையனுக்கு மூன்று வயதிலிருந்தே வீசிங். ஐப்பசி மழை தொடங்கினால் ஆரம்பித்து மார்கழிப் பனி முடியும்வரை படுத்துகிறது. இன்ஹேலர் போய்க்கொண்டிருக்கிறது. மாமியார், "வயித்துல பூச்சி இருக்கு, அதுதான் நெஞ்சுக்கு ஏறி இளைக்க வைக்குது, பூச்சி மருந்து கொடு" என்கிறார். கணவர் ஏதோ ஒரு வீடியோ பார்த்துவிட்டு, புழு இருக்கிற பிள்ளைகளுக்கு ஆஸ்துமாவே வராதாம், புழுவை அழித்தால்தான் அலர்ஜி கூடுமாம் என்று சொல்லி, பள்ளியில் தரும் மாத்திரையைக்கூட வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி?

பதிலை முதலில் சொல்கிறேன், காரணம் பிறகு. மாத்திரையைப் போடுங்கள். அதனால் வீசிங் அதிகமாகாது. அதனாலேயே வீசிங் நின்றுவிடும் என்று நம்பி இன்ஹேலரை நிறுத்தவும் வேண்டாம். ஆனால் உங்கள் மாமியாரும் கணவரும் சும்மா சொல்லவில்லை. இரண்டு பேர் சொல்வதற்குப் பின்னாலும் உண்மையான ஆராய்ச்சி இருக்கிறது. குழந்தை மருத்துவராக இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த எனக்கே இந்த இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கும் என்று புரிய நாளாயிற்று.

மாமியார் பக்கத்திலிருந்து தொடங்குவோம். உருண்டைப்புழு, ஊர்ப்பக்கம் நாக்குப்பூச்சி என்பார்களே, அது குடலில் வாழ்வது என்றுதான் நினைக்கிறோம். குடலில் குடியேறும் முன் அது நுரையீரலுக்குப் போய்விட்டுத்தான் வருகிறது. மலத்தோடு வெளியே வந்த முட்டை ஈர மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து முதிர்கிறது. கழுவாத கையோ கழுவாத காயோ அதை வாய்க்குக் கொண்டுபோகிறது. சிறுகுடலில் பொரிந்த புழுக்குஞ்சு குடல் சுவரைத் துளைத்து இரத்தத்தில் ஏறி, கல்லீரல் வழியாக நுரையீரலுக்கு வந்து சேர்கிறது. அங்கே சில நாள் வளர்கிறது. அப்புறம் காற்றறையிலிருந்து மூச்சுக்குழாய் வழியாகத் தொண்டைவரை ஏறி வர, குழந்தை சளியோடு சேர்த்து விழுங்கிவிடுகிறது. இந்த இரண்டாவது பயணத்தில்தான் அது குடலில் தங்கிப் பெரிதாகிறது.

1922-இல் ஜப்பானில் கொய்னோ என்ற மருத்துவர் இதைத் தன் உடம்பிலேயே செய்து பார்த்தார். 2000 முட்டைகளை விழுங்கினார். சில நாளில் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் எல்லாம் வந்தது. அவர் துப்பிய சளியை நுண்ணோக்கியில் வைத்தபோது அதில் புழுக்குஞ்சுகள் இருந்தன. பத்து வருடம் கழித்து, 1932-இல், சூரிச் நகரத்து மருத்துவர் லோஃப்லர் வேறொன்றைக் கவனித்தார். சிலருக்கு எக்ஸ்ரேயில் நுரையீரலில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்து, சில நாளில் தாமாகவே மறைந்தன. அந்தச் சமயத்தில் அவர்கள் இரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளணு கூடியிருந்தது. உருண்டைப்புழுக் குஞ்சுகள் நுரையீரலைக் கடக்கும்போது இப்படி ஆகும் என்பது பிறகு தெளிவானது. ஆக, "பூச்சி நெஞ்சுக்கு ஏறுது" என்ற பேச்சு மூடநம்பிக்கை என்று ஒதுக்கக் கூடியதல்ல.

இதில் ஒரு சிக்கல் உண்டு. குஞ்சு நுரையீரலில் இருக்கும்போது மலப் பரிசோதனை செய்தால் ஒன்றும் தெரியாது. முட்டை வாய்க்குள் போய் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் புழு பருவமாகி முட்டை போடத் தொடங்கும். தொடங்கிவிட்டால் ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 2,00,000 முட்டைவரை போடும். அந்த முட்டையை ஒருமுறை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பொன்னும் பழுப்பும் கலந்த நிறத்தில், மேல்தோல் முழுக்கப் புடைப்பு புடைப்பாக, பாகற்காய்த் தோலைப் போல இருக்கும். கொக்கிப்புழு முட்டை அப்படி இல்லை. கண்ணாடி போல மெல்லிய ஓடு, உள்ளே நாலைந்து செல்கள், அவ்வளவுதான். கொக்கிப்புழு வாய் வழியாகப் பெரும்பாலும் வருவதில்லை. வெறுங்காலோடு நடக்கும்போது பாதத் தோலைத் துளைத்து ஏறி, அதுவும் நுரையீரல் வழியாகவே குடலுக்குப் போகிறது. பிள்ளைகள் இரவில் ஆசனவாயைச் சொறியக் காரணமான கீரிப்பூச்சிக்கு மட்டும் நுரையீரல் பக்கம் வேலையே இல்லை. உங்கள் பையனுக்கு இருப்பது அதுவாக இருந்தால், வீசிங்குக்கும் அதற்கும் முடிச்சுப் போடவே வேண்டாம். பல்லைக் கடிப்பதை வைத்தும் இனிப்பு தின்பதை வைத்தும் பூச்சி இருக்கிறது என்று சொல்ல முடியாது.

நம் ஊரில் இன்னொரு சொல் புழங்குகிறது: "ஈஸ்னோபீலியா". இருமலும் இளைப்பும் இருக்கிற யாரைக் கேட்டாலும் "எனக்கு ஈஸ்னோபீலியா இருக்கு" என்பார்கள். இந்தப் பேச்சுக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அது நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. ஆந்திராவின் மதனப்பள்ளி அருகே இருந்த காசநோய் சானடோரியத்தில் ஃப்ரீமோட்-மோலர், பார்ட்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் 1940-இல் ஒரு விசித்திரமான நோயை எழுதி வைத்தார்கள். பார்த்தால் காசநோய் போலவே இருக்கும், சளியில் கிருமி இருக்காது, ஈசினோஃபில் மட்டும் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். 1943-இல் வைன்கார்ட்டன் என்பவர் அதற்கு வெப்பமண்டல ஈசினோபீலியா என்று பெயர் வைத்தார். இரவில் இருமலும் இளைப்பும் அதிகமாகும், ஆஸ்துமா என்றே தோன்றும். அது குடல் புழுவால் வருவதல்ல. யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவின் நுண்குஞ்சுகளுக்கு எதிராக நுரையீரல் மிதமிஞ்சிக் கொதித்தெழுவதால் வருவது. 1980-களில் சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தில் இப்படிப்பட்ட நோயாளிகளின் நுரையீரலை உப்புநீரால் கழுவி எடுத்துப் பார்த்தார்கள். அந்தத் திரவத்தில் ஈசினோஃபில்கள் குவிந்து கிடந்தன. யானைக்கால் நோய்க்குத் தரும் அதே மாத்திரையை மூன்று வாரம் கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு இருமல் அடங்கிவிடும். இங்கே ஈசினோஃபில் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 3000-க்கு மேல் போகும். சாதாரண ஆஸ்துமாவிலும் ஈசினோஃபில் கொஞ்சம் ஏறும், 600, 800 என்று. அதைப் பார்த்துவிட்டு "ஈஸ்னோபீலியா" என்று சொல்லி இன்ஹேலரை எடுத்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அது பெரிய தவறு.

சரி, கணவர் பக்கம்.

1989-இல் டேவிட் ஸ்ட்ராகன் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர், 1958 மார்ச்சில் பிறந்த 17,000-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் குழந்தைகளின் விவரங்களை எடுத்து, அவர்கள் 23 வயதாகும்வரை பார்த்தார். வீட்டில் அண்ணன் அக்கா எத்தனை அதிகமோ, அந்தப் பிள்ளைக்கு மூக்கொழுகும் அலர்ஜி அத்தனை குறைவு. சின்ன வயதில் அண்ணன் அக்காவிடமிருந்து தொற்றிக்கொள்ளும் கிருமிகள் அலர்ஜியைத் தடுக்கின்றனவோ என்று அவர் கேட்டார். சுத்தம் கூடினால் அலர்ஜி கூடும் என்ற பேச்சு அங்கிருந்துதான் பரவியது. புழுக்கள் அந்தப் பேச்சுக்குள் வர நாள் பிடிக்கவில்லை. உலகத்தில் சுமார் 150 கோடிப் பேர் வயிற்றில் மண்வழிப் புழு இருக்கிறது. அப்படிப்பட்ட கிராமங்களில் ஆஸ்துமா குறைவாகத்தான் தெரிகிறது.

இதை மிக அழகாகச் சோதித்தது மத்திய ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில், லம்பரேனே ஊரைச் சுற்றி. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரியா யஸ்தன்பக்‌ஷின் குழு அங்கே 520 பள்ளிப் பிள்ளைகளுக்குத் தோல் பரிசோதனை செய்தது. அந்தப் பரிசோதனை எப்படி நடக்கும் என்று சொன்னால்தான் பின்னால் வரும் விஷயம் பிடிபடும். பிள்ளையின் முன்கை உட்பக்கத்தில் பேனாவால் குறி போடுவார்கள். ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் ஒரு சொட்டு: ஒன்றில் வீட்டுத் தூசியில் வாழும் தூசி உண்ணியின் சாறு, ஒன்றில் கரப்பான் பூச்சியின் சாறு, இப்படி. சொட்டின் மேலேயே சின்ன ஊசி நுனியால் லேசாகக் குத்துவார்கள், இரத்தம் வராது. பதினைந்து நிமிடம் சொறியாமல் உட்கார வேண்டும். ஒவ்வாமை இருந்தால் அந்த இடத்தில் கொசு கடித்தாற்போல் தடிக்கும். தடிப்பு 3 மில்லிமீட்டர் வந்தால் அந்தப் பொருளுக்கு அலர்ஜி என்று கணக்கு.

2000-இல் வெளியான முடிவு இது: சிறுநீர்ப்பையைச் சுற்றிய இரத்தக்குழாய்களில் வாழும் ஒருவகைத் தட்டைப்புழு இருந்த பிள்ளைகளுக்கு, தூசி உண்ணிச் சொட்டு குறைவாகவே தடித்தது. அவர்கள் இரத்தத்தில் தூசி உண்ணிக்கு எதிரான ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் இருந்தாலும் தோல் அமைதியாக இருந்தது. புழுவைக் கண்டதும் இன்டர்லூக்கின்-10 என்ற அடக்கும் பொருளை அவர்கள் உடம்பு நிறையச் சுரந்தது. அதே குழு அடுத்து 317 பிள்ளைகளை எடுத்து, பாதிப்பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புழு மருந்து கொடுத்து 30 மாதம் கவனித்தது. புழு போனவர்களின் தோல், தூசி உண்ணிக்கு அதிகமாகத் தடிக்கத் தொடங்கியது. கணவர் பார்த்த வீடியோவின் வேர் பெரும்பாலும் இதுதான்.

இப்போது ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். தடித்தது தோல். மூச்சு இரைத்ததா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் இந்த வீடியோக்கள் எல்லாம் தடம் மாறுகின்றன.

மூச்சைப் பார்த்த பெரிய சோதனைகள் பின்னால் வந்தன. ஈக்வடார் நாட்டில் பிலிப் கூப்பர் குழு 68 கிராமப் பள்ளிகளைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிப் பள்ளிகளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அல்பெண்டசோல் என்ற பூச்சி மருந்தைக் கொடுத்தது. ஒரு வருட முடிவில், 2006-இல் வெளியிட்டார்கள்: தோல் தடிப்பும் கூடவில்லை, வீசிங்கும் கூடவில்லை. வியட்நாமின் கான் ஹோவா மாகாணத்தில் 1566 பிள்ளைகளிடம், ஓடவிட்டு மூச்சுக்குழாய் சுருங்குகிறதா என்று அளந்தே பார்த்தார்கள். அங்கே கொக்கிப்புழுதான் அதிகம். மருந்து கொடுத்தவர்களுக்குத் தோல் தடிப்பு கொஞ்சம் கூடியது, மூச்சில் எந்த மாற்றமும் இல்லை. உகாண்டாவில் விக்டோரியா ஏரித் தீவுகளின் 26 மீனவர் ஊர்களில் மூன்று வருடம், சில ஊர்களுக்கு வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை சாதாரணமாகவும் மற்ற ஊர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தீவிரமாகவும் மருந்து கொடுத்தார்கள். வீசிங்கில் வித்தியாசம் இல்லை. அதே நாட்டில் என்டெபேயில் 2507 கர்ப்பிணிகளை வைத்து நடந்த சோதனையில் ஒன்று மட்டும் கவனிக்க வேண்டியதாக வந்தது: கர்ப்பத்தில் அல்பெண்டசோல் எடுத்த தாய்மாரின் குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்தில் கரப்பான் என்ற தோல் நோய் (எக்ஸிமா) கூடுதலாக வந்தது. அவர்கள் ஒன்பது வயதானபோது திரும்பப் பார்த்தால் அந்த வித்தியாசம் ஆஸ்துமாவாக மாறியிருக்கவில்லை.

ஆகவே, புழு நீக்கினால் தோல் கொஞ்சம் விழித்துக்கொள்ளலாம். நெஞ்சு விழித்துக்கொண்டு இளைக்கத் தொடங்கியதற்குச் சாட்சி இல்லை.

மாமியார் சொன்னதற்கும் கணவர் சொன்னதற்கும் நடுவே ஏன் இவ்வளவு முரண்? முக்கியக் காரணம், "புழு" என்று ஒற்றைச் சொல்லில் பல உயிர்களை அடைத்துவிடுவதுதான். 2006-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஆராய்ச்சியாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். கொக்கிப்புழு இருந்தவர்களுக்கு ஆஸ்துமா வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. உருண்டைப்புழு இருந்தவர்களுக்கு அது சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. ஒரே வயிறு, இரண்டு புழு, நேர் எதிரான கணக்கு. சீனாவில் அன்ஹுய் மாகாணக் கிராமப் பிள்ளைகளிடமும், வங்கதேசத்தின் மத்லப் பகுதியிலும் உருண்டைப்புழுவுக்கும் வீசிங்குக்கும் தொடர்பு தெரிந்தது. வெனிசுவேலாவில் நீல் லிஞ்ச் செய்த வேலையில் இந்த இரட்டைத்தன்மை நன்றாகத் தெரியும். 1990-களில் காரகாஸ் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குப் புழு நீக்கியபோது தோல் அலர்ஜி கூடியது. கோச்சே தீவில் ஏற்கெனவே ஆஸ்துமா இருந்தவர்களுக்குப் புழு நீக்கியபோது ஆஸ்துமா குறைந்தது. இரண்டையும் கண்டவர் அதே ஆள்.

உடம்புக்குள் நடப்பதைப் பார்த்தால் இந்த முரண் அவ்வளவு புதிராக இருக்காது. அலர்ஜியை நடத்துவது ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள். ஐஜிஇயும் ஈசினோஃபிலும் சளிச் சுரப்பும் அரிப்பும் தும்மலும் புழுவை வெளியே தள்ளுவதற்காகவே உருவான ஆயுதங்கள் என்று நம்பக் காரணம் நிறைய இருக்கிறது. நேற்றுதான் புழு நுழைந்தது, குஞ்சு நுரையீரலில் ஊர்கிறது என்றால், அத்தனை ஆயுதமும் நெஞ்சிலேயே வெடிக்கும். இளைப்பு வரும். புழுவின் தசைப் புரதம் ஒன்று, டிரோபோமையோசின் என்று பெயர், தூசி உண்ணியிலும் கரப்பான் பூச்சியிலும் ஏறக்குறைய அதே சாயலில் இருக்கிறது. புழுவுக்கு எதிராகத் தயாரான ஐஜிஇ தூசி உண்ணியையும் பிடித்துக்கொள்ளக் கூடும். ஆனால் வருடக்கணக்கில் புழு உள்ளேயே குடியிருந்தால் கதை மாறுகிறது. ஓம்புகிறவன் செத்தால் புழுவுக்கும் வாழ்வில்லை. அதனால் நிறையப் புழுக்கள் எதிர்ப்பை அடக்கும் பொருட்களைச் சுரக்கின்றன. நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியை ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்ற வெள்ளணுக்களையும் பெருக்கிவிடுகின்றன. 2005-இல் எலிகளில் இதைக் காட்டினார்கள். புழு இருந்த எலியின் அந்தச் செல்களை எடுத்துப் புழு இல்லாத எலிக்குப் போட்டதும், அந்த எலியின் மூச்சுக்குழாய் அலர்ஜி தணிந்தது. எந்தப் புழு, எந்த வயதில், எத்தனை, எவ்வளவு காலம், இந்த நான்கும் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கின்றன.

அப்படியானால் கொக்கிப்புழுவையே மருந்தாகக் கொடுக்கலாமே என்று தோன்றும். தோன்றியது. நாட்டிங்ஹாமில் டேவிட் பிரிச்சார்ட் முதலில் தன் கையிலேயே கொக்கிப்புழுக் குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு பாதுகாப்பைப் பார்த்தார். பிறகு 32 ஆஸ்துமா நோயாளிகளிடம், பாதிப்பேருக்குப் பத்துப் பத்துக் குஞ்சுகளைத் தோல்மேல் வைத்துச் சோதித்தார்கள். 2010-இல் வந்த முடிவில், சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. அதே வருடம் டென்மார்க்கில் 100 பேரை எடுத்து, ஒரு பாதிக்குப் பன்றியின் சாட்டைப்புழு முட்டைகளை மூன்று வாரத்துக்கு ஒருமுறை குடிக்கக் கொடுத்துப் பார்த்ததில், மூக்கு அலர்ஜி குறையவில்லை. புழு சுரக்கும் புரதத்தை மட்டும் பிரித்து மருந்தாக்க இன்னும் உழைக்கிறார்கள், அந்தப் பக்கம் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. உயிருள்ள புழுவைப் பிள்ளையின் வயிற்றில் வளரவிடுவதற்கு மட்டும் நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

ஏன் என்றால், மலையடிவாரத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் இருந்த காலத்தில் கொக்கிப்புழு செய்வதை நேரில் பார்த்திருக்கிறேன். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி. கீழிமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இல்லை, வெள்ளைக் காகிதம் மாதிரி. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். வீட்டில் அதை இளைப்பு நோய் என்று நினைத்து வைத்தியம் பார்த்திருந்தார்கள். இளைத்தது மூச்சுக்குழாய் சுருங்கி அல்ல, இரத்தம் இல்லாமல். பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்தும் கொடுத்த இரண்டு மாதத்தில் அவள் பள்ளிக்கூடத்துக்கு ஓடிப் போனாள். தமிழ்நாட்டில் குடல் புழு என்றால் இன்றும் பல இடங்களில் முதலில் வருவது இந்தக் கொக்கிப்புழுதான்.

உங்கள் பையனுக்கு வருவோம். மழைக்காலத்திலும் பனியிலும் வருகிற வீசிங் என்றால், முக்கால்வாசிக்கு மேல் சளிக் காய்ச்சல் வைரஸ்தான் தூண்டுகிறது. அதோடு அந்த மாதங்களில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கொசுவர்த்திச் சுருள் கொளுத்துவோம், சாம்பிராணி போடுவோம், பெட்டியில் கிடந்த கம்பளியை உதறாமல் எடுத்துப் போர்த்துவோம். பூச்சியைத் தேடும் முன் இந்த மூன்றையும் பாருங்கள். மாமியாரின் கவலைக்காக ஒரு மலப் பரிசோதனையும் இரத்த எண்ணிக்கையும் பார்த்துவிடலாம், தவறில்லை. ஈசினோஃபில் ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தால் மருத்துவர் யானைக்கால் புழுவையும், நாய்க்குட்டியோடு விளையாடும் பிள்ளை என்றால் நாயின் உருண்டைப்புழுவையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று: வீசிங்குக்காக ஸ்டீராய்டு மாத்திரை அடிக்கடி அல்லது நீண்ட நாள் கொடுக்க வேண்டி வந்தால், வெறுங்காலோடு மண்ணில் புழங்கும் பிள்ளை என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்று ஒரு புழு உண்டு, ஸ்டீராய்டு போனால் அது உடம்பு முழுக்கப் பெருகி ஆபத்தாகிவிடும். சாதாரண ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரைக்கு அது சரியாகக் கட்டுப்படுவதும் இல்லை. இன்ஹேலரில் போகிற ஸ்டீராய்டின் அளவு மிகக் குறைவு, அதை நினைத்து இந்தப் பயம் வேண்டாம்.

மூச்சு வாங்கிக்கொண்டு பிள்ளை ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினால், விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தால், உதடு நீலம் பாரித்தால், வேப்பங்கொழுந்து அரைக்கவோ பூச்சி மாத்திரை தேடவோ நேரம் இல்லை. உடனே மூச்சைத் திறக்கும் நீல நிற இன்ஹேலரை ஸ்பேசர் என்ற குழாயில் போட்டுக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

பள்ளியில் குடற்புழு நீக்க நாளில் தருவது 400 மில்லிகிராம் அல்பெண்டசோல், இரண்டு வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஒரு முழு மாத்திரை. அப்படியே முழுங்காமல் நன்றாக மென்று சாப்பிடச் சொல்லுங்கள். அது குடலில் இருக்கும் பெரிய புழுக்களைத்தான் கொல்லும், நுரையீரலில் ஊர்கிற குஞ்சுகளை அவ்வளவாகத் தொடாது. மண்ணிலிருந்து மறுபடி ஏறவும் செய்யும், அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தருகிறார்கள். செருப்பும் கை கழுவுவதும் கூடவே வேண்டும். அன்று பையனுக்குக் காய்ச்சலோ வீசிங்கோ இருந்தால் டீச்சரிடம் சொல்லிவிடுங்கள், விடுபட்டவர்களுக்கென்று அடுத்து ஒரு நாள் வைத்திருப்பார்கள், அன்றைக்குப் போட்டுக்கொள்ளட்டும். இன்ஹேலர் இரண்டு நாளும் வழக்கம்போல்.